வாத்தியார் காதில் பஞ்சு

பேத்தி பிறந்த செய்தி கேட்டதும் வாத்தியார் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தவர் போனவர் எல்லோர் கையிலும் மிட்டாயைத் திணித்தார். மயக்கம் தெளியாத ஒரு நோயாளிக்கும் நீட்டப்போய் நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓர் அறிவிப்பு விட்டார்.

"பேத்தியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது என் கார்லதான். ஓட்டறது நான்தான். இதுல யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்!"

யாரும் மூக்கை நுழைக்கவில்லை. மகள் மட்டும் மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"நீங்க ஓட்டற வண்டியில என் குழந்தை ஏறாதுப்பா."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்றால், அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேர் ஸ்டியரிங்கைப் பிடித்தது அவருடைய அதட்டலில்தான். சமையல்காரரைப் பார்த்து 'உங்க கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேன்' என்று சொந்த மகளே சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

மகள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது வாத்தியார் புலி. "வண்டியில ஏறின உடனே ஃபோன் பின் சீட்டுக்குப் போயிடணும்! ஒரு செகண்ட் கண்ணு ரோட்டை விட்டுச்சு, அந்த ஒரு செகண்ட் நீ குருடன். குருடன் கையில யாராவது ஸ்டியரிங்கைக் குடுப்பானா? சொல்லு, குடுப்பானா?" என்று அவர் கர்ஜித்தால், மாணவர்கள் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஆனால் வகுப்பு முடிந்து மாணவன் இறங்கி, அவர் ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்தாரோ இல்லையோ, ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாடமெல்லாம் கற்றுக்கொள்கிறவர்களுக்குத்தான், கரைத்துக் குடித்தவனுக்கு எதற்கு என்பது அவர் கட்சி.

நிறைமாத வயிற்றோடு மகளைப் பரிசோதனைக்கு ஏற்றிக்கொண்டு போன அன்று, ஃபோனில் ஒரு புது ஆளுக்கு ஸ்கூலின் பெருமைகளை அளந்துகொண்டே ஒரு ஸ்பீட் பிரேக்கரைப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் ஃபோனில் இருந்தவரே பயந்து லைனை வைத்துவிட்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மகள் அதை மறக்கவில்லை.

"சரி விடுடி, பாவம், ஆசைப்படறார்," என்று வாத்தியார் கட்சிக்கு ஒரு குரல் வந்தது. அவர் மனைவி. ஊர்க்காரர்களுக்கு வாத்தியாரம்மா. தொழில் தையல். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பேசியபடியே சட்டைக்குக் காலர் வைத்துவிடுகிற கை. "டாக்டர் உன்னை அனுப்பற வரைக்கும் தினமும் நான் உங்கப்பா பக்கத்து சீட்ல உக்காந்து ஆஸ்பத்திரிக்கு வரேன். ஃபோன் என் கைப்பையில இருக்கும். ஒரு தடவைகூட அதைத் தொடாம ஓட்டிட்டார்னா, குழந்தை அவர் வண்டியில வரட்டும். என்ன சொல்றீங்க?"

"இவ்வளவுதானே! ஃபோன் என்ன, தாலி கட்டின நீயே பக்கத்துல இருந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டேன்!"

"அதை நீங்க சொல்லவே வேண்டாம். அது தெரிஞ்சதுதானே," என்றாள் வாத்தியாரம்மா.

பக்கத்து சீட் என்றால் சாதாரண பக்கத்து சீட் இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் உட்காருகிற இடம் அது. அங்கேயும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால் வாத்தியார் மிதித்து நிறுத்துவதற்கு. அந்த சீட்டில் மனைவி உட்கார்ந்து வருவதை வாத்தியார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று என்ன தெரியப்போகிறது!

முதல் நாள் பயணம் நரகம். கைப்பைக்குள் ஃபோன் விடாமல் அலறியது. ஒவ்வொரு அலறலும் ஒரு புது மாணவன். எடுக்காவிட்டால் அவன் நேரே எதிர்த்த தெரு ஸ்கூலுக்குப் போய்விடுவான். அங்கே இருக்கிறவன் வாத்தியாரிடமே கற்றுக்கொண்டு வாத்தியாருக்கே எதிர்க்கடை போட்டவன். நினைத்தாலே வயிறு எரிந்தது.

"யாருன்னு பேரையாவது பாத்துச் சொல்லேன்."

"ரோட்டைப் பாருங்க."

"அவசரமா இருந்தா?"

"அவசரமா இருந்தா இங்க எதுக்குக் கூப்பிடறாங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாங்க."

அன்று சாயங்காலம் வாத்தியாரின் மூளை வேலை செய்தது. ஃபோனைத் தொடக்கூடாது என்பதுதானே ஒப்பந்தம்? தொட வேண்டாமே! கடைக்குப் போய்க் காதுக்குள் அடங்குகிற மாதிரி குட்டி ப்ளூடூத் ஒன்று வாங்கினார். ஃபோன் பாட்டுக்குச் சத்தமில்லாமல் மனைவியின் பையில் சமர்த்தாக இருக்கும். யார் கூப்பிட்டாலும் அதுவே எடுத்துக்கொண்டு, பேச்சு மட்டும் காதுக்கு வந்துவிடும். கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். எந்தச் சட்டத்தில் தப்பு? மனைவி கண்ணில் படாமல் இருக்க, அதன் மேல் ஒரு கொத்துப் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டார். பெண்டாட்டி காதில் பூ சுற்ற, தன் காதில் பஞ்சு வைத்த ஒரே புருஷன் அவராகத்தான் இருக்கும்.

"என்னங்க காதுல?"

"வலி. தாங்க முடியல. பஞ்சு வச்சா இதமா இருக்கு."

"அச்சச்சோ! சொட்டு மருந்து இருக்கு, தலையைச் சாயுங்க, விடறேன்."

"வேண்டாம், வேண்டாம்! பஞ்சை எடுக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்."

"எந்த டாக்டர்?"

"ஃபோன்ல கேட்டேன்."

"ஃபோன் காலையில இருந்து என் பையில இருக்கே?"

"அது... போன தடவை வலிச்சப்பவே, அடுத்த தடவைக்கும் சேத்துக் கேட்டு வச்சுட்டேன்."

வாத்தியாரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். சொட்டு மருந்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். வாத்தியார் பெருமூச்சு விட்டார்.

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. காதுக்குள் பேசுகிறவர்களுக்கு 'ம்', 'ஆமா', 'சரி', 'அப்படியே செஞ்சிடலாம்' என்று நாலு வார்த்தை போதும். பக்கத்தில் மனைவி பேசினால் அவளுக்கும் அதே நாலு வார்த்தை போதும். கல்யாணமான நாளில் இருந்து அவர் அந்த நாலு வார்த்தையிலேயே குடும்பம் நடத்தி வந்தவர்தானே! ஒரே 'ம்'மில் இரண்டு பேரைச் சமாளிக்கிற தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

சின்னச் சின்னச் சறுக்கல்கள் இருந்தன. மறுநாள் பஞ்சைத் தவறிப்போய் அடுத்த காதில் வைத்துவிட்டார்.

"நேத்து அந்தக் காதுல்ல?"

"வலி இந்தப் பக்கம் வந்துடுச்சு."

"நடுவுல ஒண்ணும் இல்லாததால சுலபமா வந்திருக்கும்," என்றாள் வாத்தியாரம்மா.

இன்னொரு நாள் சிக்னலில் நிற்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, என் தங்கச்சி நம்ம வீட்டுல வந்து ஒரு மாசம் தங்கட்டுமான்னு கேக்கறா."

அந்தத் தங்கச்சி வந்தால் வாத்தியாருக்குக் கட்டில் போய்விடும், நாற்காலி போய்விடும், டிவி போய்விடும், கடைசியில் பேச்சும் போய்விடும். அந்தப் பேரைக் கேட்டாலே சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுகிற மனுஷன் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம். நாளைக்கே வரச் சொல்லிடுங்க. முதல்ல பயமா இருக்கும், போகப் போகப் பழகிடும்."

வாத்தியாரம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பேத்தி நினைப்பில் சிரிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார் வாத்தியார்.

டிஸ்சார்ஜ் நாள் வந்தது. விடிந்ததும் விடியாததுமாக வாத்தியார் காரைக் கழுவினார். துடைத்தார். துடைத்ததை மறுபடி கழுவினார். பின் சீட்டில் குழந்தைக்கான தனி சீட்டைப் பொருத்தி, பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு பொம்மையை உட்கார வைத்து, தெருக்கோடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். பொம்மை அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷனுக்குப் பேத்தி மேல் இருந்த ஆசையில் ஒரு துளி பொய் கிடையாது. பொய்யெல்லாம் காதோடு சரி.

கிளம்பினார்கள். மகளும் குழந்தையும் ஆஸ்பத்திரி கேட்டிலேயே நிற்பதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பியதும் காதுக்குள் ஒரு பெண் குரல், வேறு ஏதோ நம்பரிலிருந்து.

"டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருங்களா? எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கணும். பேரன் பேத்தி எடுத்த வயசு. இந்த வயசுல வருமாங்க?"

"ம்," என்றார் வாத்தியார்.

"உடம்பு வேற கொஞ்சம் கனம். சீட்டு பத்துமா?"

"ஆமா, ஆமா."

"என்னம்மோ வாய்க்குள்ளயே பேசறீங்க. எனக்கு நம்பிக்கை வரலையே. எதிர்த்த தெருவுல ஒரு ஸ்கூல் இருக்காமே, அங்கேயே போயிடட்டுமா?"

வாத்தியாருக்குப் பகீரென்றது. தொண்டையைச் செருமினார். அந்தக் குரல் நிறுத்தாமல் பேசியது.

"எங்க சொந்தத்துலயே ஒருத்தர் ஸ்கூல் நடத்தறார். ஆனா அவர்கிட்டப் போக பயமா இருக்குங்க. வண்டி ஓட்டறப்பவே ஃபோன் பேசுவாராம். பேசலாமாங்க?"

இந்த இடத்தில் வாத்தியார் பக்கத்து சீட்டை மறந்தார். காரை மறந்தார். ரோட்டை மறந்தார். அவருக்குள் இருந்த புலி எழுந்துகொண்டது.

"சேச்சே! ரொம்பத் தப்புங்க!" என்று உரக்கவே சொன்னார். "அந்த மாதிரி ஆளு பக்கமே போகாதீங்க. அவனெல்லாம் ஒரு வாத்தியாரா? கை ஸ்டியரிங்ல இருந்தா ஆச்சா, கண்ணு தெறந்திருந்தா ஆச்சா? மனசு ஃபோன்ல இருந்தா, கண்ணு பாக்கறது மண்டைக்குப் போய்ச் சேராதுங்க. எதிர்ல பெத்த பொண்ணே வந்து நின்னாலும் தெரியாது! அவன் லைசென்ஸைப் பிடுங்கி..."

கிறீச்!

வண்டி குலுங்கி நின்றது. வாத்தியாரின் மூக்கு ஸ்டியரிங்கை முத்தமிட்டுத் திரும்பியது. பிரேக்கை அவர் மிதிக்கவில்லை. அவர் கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது.

பானெட்டுக்கு முன்னால், ரோட்டைக் கடக்கிற வெள்ளைக் கோட்டின் மேல், கையில் வெந்நீர் ஃப்ளாஸ்க்கோடு ஒருவர் சிலையாக நின்றார். ஃப்ளாஸ்க்குக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். அவருடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் சொன்னார். "வா... வாங்க மாமா."

காதுக்குள் அந்தப் பெண் குரல் விசாரித்தது. "ஹலோ, இருக்கீங்களா? இப்ப ஏதோ கிறீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, அது எத்தனாவது நாள் பாடம்?"

வாத்தியார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி கேட் பின்னால் இருந்தது. அதைத் தாண்டி வந்திருக்கிறார். கேட்டில் குழந்தையோடு மகள் நின்றிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டிருக்கிறாள், அந்தக் கை இன்னும் பாதி உயரத்தில் அப்படியே நின்றது. பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா, அவருடைய சம்பந்தி. சம்பந்தி அம்மாவின் காதில், யாரிடமோ இரவல் வாங்கிய ஃபோன். காருக்கு முன்னால் நிற்பது தன் மகன் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

பெற்ற பெண் நிற்கிறாள். அவள் கையில் பேத்தி இருக்கிறாள். கண் முன்னால் மாப்பிள்ளை நடந்து வந்திருக்கிறார். ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

வாத்தியார் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். பஞ்சுக்கு உள்ளே இருந்ததையும் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மனைவியைப் பார்த்தால், அவள் கால் இன்னும் பிரேக்கை விடவில்லை.

"தெரியுமா உனக்கு?" என்றார்.

"என் தங்கச்சியை வரச் சொன்னீங்களே, அன்னிக்கே தெரியும். சம்பந்தி அம்மாவைப் பேசச் சொன்னது நான்தான். கேட்டைத் தாண்டிப் போவீங்க, அப்ப நாலு பேர் முன்னாடி உங்களைப் பிடிச்சுக் குடுக்கலாம்னு நெனச்சேன். வழியெல்லாம் கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. ஆனா மாப்பிள்ளை குறுக்க வருவார்னு நெனக்கல. எனக்கு உசுரே போயிடுச்சுங்க. விளையாட்டுக்குச் செஞ்சது. நானும் செஞ்சிருக்கக் கூடாது."

"நீ செஞ்சதாலதான் எல்லாரும் உசுரோட இருக்கோம்," என்றார் வாத்தியார். நடு ரோட்டில், பின்னால் நாலு வண்டிகள் ஹார்ன் அடிக்க, மனைவியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்தக் கால் மட்டும் அந்த நேரத்தில் மிதிக்காமல் இருந்திருந்தால்! இத்தனை வருஷத்தில் அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். சம்பந்தி அம்மா மகனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்து முடித்து, இவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னது சரிதான் சம்பந்தி. அந்த ஆளு பக்கமே போகப் போறதில்ல."

வாத்தியார் தலை நிமிரவில்லை. மகளிடம் போனார். "அம்மாடி, நீ சொன்னதுதான் சரி. நான் ஓட்டல. எனக்கு அந்த யோக்கியதை இல்ல. ஒரு டாக்சி கூப்பிடறேன். நான் பின்னாடி நடந்து வரேன்."

அப்பா இப்படிப் பேசி மகள் கேட்டதே இல்லை. அவளுக்கு மனசு இளகிவிட்டது. "ஃபோன் எங்கப்பா?" என்றாள். அவர் அதை மனைவியிடமிருந்து வாங்கி, ஆஃப் செய்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளை அதைத் தன் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுப் பூட்டினார். "சரி, நீங்களே ஓட்டுங்க. இதுக்கு மேலயுமா தப்பு நடக்கும்?" என்றாள் மகள்.

வாத்தியாருக்கு உலகமே கைக்கு வந்த மாதிரி இருந்தது. குழந்தையை அதன் சீட்டில் படுக்க வைத்து பெல்ட் போட்டார்கள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் சம்பந்தி. முன்னால் வாத்தியாரம்மா. மாப்பிள்ளை ஸ்கூட்டரில் பின்னால், வேண்டுமென்றே ரொம்பப் பின்னால்.

வாத்தியார் ஓட்டினார் பாருங்கள், அப்படி ஓட்டினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். காதில் ஒன்றும் இல்லை. யாரோடும் பேச்சில்லை. அடேயப்பா, இந்த ரோட்டில் இத்தனை மரமா, இத்தனை கடையா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு சிக்னலில் நிற்கும்போது பின்னால் பார்க்கிற நடுக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். குழந்தை முகம் தெரிந்தது. கொஞ்சம் போல ஓரமாகத் திருப்பினார். முழு முகமும் தெரிந்தது.

"கொட்டாவி விடறாடி! பாரேன், வாயை எப்படிச் சுழிக்கிறா! அப்படியே என் மூக்கு!"

சிக்னல் பச்சையாகி எவ்வளவு நேரம் ஆனதோ, பின்னால் இருந்தவர்கள் ஹார்னிலேயே அவர் வம்சத்தை விசாரித்தார்கள். கிளம்பினார். குழந்தை தும்மியது. வாத்தியார் உருகினார். வண்டி மெதுவாக ஓரத்தில் நின்ற ஒரு பால் வண்டியைப் பார்த்துச் சாய்ந்தது. மறுபடியும் அந்தக் கால் மிதித்தது. இந்தத் தடவை குலுக்கல்கூட இல்லை, தையல் போட்டு நிறுத்தின மாதிரி நின்றது.

"நான் ஃபோனே தொடலையே!" என்று அலறினார் வாத்தியார்.

"கண்ணாடியில என்ன பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

வாத்தியார் கண்ணாடியை மெல்லப் பழையபடி நிமிர்த்தினார். பொய் ஒன்றும் வரவில்லை.

"இறங்குங்க. சம்பந்தி அம்மா, நீங்க முன்னாடி வாங்க," என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க பின்னாடி போய்க் குழந்தை பக்கத்துல உக்காருங்க. ஆசை தீரப் பாத்துக்கிட்டே வாங்க. யார் வேண்டாங்கறா?"

அவர் இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தார். குழந்தை அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடி போதும், காரும் வேண்டாம், ஸ்கூலும் வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. இப்படி ஒரு இடம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அந்த அறிவிப்பை விட்டிருக்க மாட்டார். நிறைந்த மனசோடு, வண்டி வழுக்கிக்கொண்டு போவதை அனுபவித்தபடி வந்தார். வளைவுகளில் குழந்தையின் தலைகூட அசையவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டியரிங்கில் வாத்தியாரம்மா.

"ஏய்! நீ ஓட்டறியா? உனக்கு... லைசென்ஸ்?"

"இருக்கு. போன மாசமே வாங்கிட்டேன்."

"யாரு கத்துக் குடுத்தது? எதிர்த்த தெருக்காரனா?"

"நீங்கதான்."

"நானா? நான் உனக்கு ஒரு நாள்கூட..."

வாத்தியாரம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இத்தனை வருஷமா உங்க கூடவே வண்டியில வரேனேங்க. டெஸ்ட் அன்னிக்கு, நீங்க பண்றது ஒண்ணைக்கூடப் பண்ணாம ஓட்டிக் காட்டினேன். முதல் தடவையிலயே பாஸ் போட்டுட்டாங்க."